மின்னஞ்சல் மோசடியும் நமது விழிப்பும்

(ஊராட்சித் தலைவர்கள், மகளிர் குழுவினர், கூட்டுறவுச் சங்க ஊழியர்கள் கூடியிருந்த பயிற்சி வகுப்பொன்றில் நிகழ்த்திய உரை)



இத்தகைய வகுப்புகளில் விதையைப் பற்றியும் எருவைப் பற்றியும் பலர் உங்களிடம் பேசியிருப்பர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. உழைத்துச் சேர்த்த பணத்தை ஒரு கடிதத்தின் வாயிலாகப் பறிகொடாமல் காத்துக்கொள்வது எப்படி என்பதே அது. பயிரிட்டவன் வேலியும் இட வேண்டும் அன்றோ? சேமிப்புக்கு வேலி இடுவதும் கிராம முன்னேற்றப் பணிகளுள் ஒன்றே.

மின்னஞ்சல் நகரத்தாருக்கே உரியது என்ற காலம் போயிற்று. ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றை வாங்கி இயக்கத் தொடங்கும்போதே பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் உண்டாகிவிடுகிறது. மாணவரின் கல்லூரி விண்ணப்பம், இளைஞரின் வேலை விண்ணப்பம், வங்கியின் அறிக்கை, வருமான வரிச் செய்தி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வரும் கொள்முதல் ஆணை ஆகிய யாவும் இவ்வழியே வருகின்றன. நல்லவை வரும் வாயிலிலேயே தீயவையும் வருகின்றன.

நாம் பணி நிமித்தம் சென்ற ஒரு சிற்றூரில் நேர்ந்ததை முதலில் கூறுகிறோம். பட்டயப் படிப்பு முடித்த இளைஞர் ஒருவருக்கு வெளிநாட்டு விமான நிலையத்தில் வேலை என்று மின்னஞ்சல் வந்தது. முத்திரையும் கையொப்பமும் இட்ட நியமன ஆணை அதனுடன் இருந்தது. பதிவுக் கட்டணம் என்று முதலில் 2,500 ரூபாய் கேட்டனர். அடுத்துத் திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை என்று 18,000 ரூபாய். பின்னர் மருத்துவப் பரிசோதனைக்கென்று 22,000 ரூபாய். தாயாரின் இரண்டு வளையல்களை அடகு வைத்து அவர் அனுப்பினார். இரண்டாம் முறை பணம் கேட்டபோதே அவருக்கு ஐயம் பிறந்ததாம். ஆயினும் ஒருவரிடமும் கேட்கவில்லை. முழுவதும் மோசடி என்று தெரிந்த பின்னரும் பதினொரு நாள் வாய் திறக்கவில்லை. காரணம் கேட்டோம். "ஊரார் சிரிப்பார்களே என்று அஞ்சினேன்" என்றார். அந்தப் பதினொரு நாளில் அவர் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி, எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

இவ்வுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இந்நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது. மோசடிக் கடிதத்துக்குத் துணைகள் இரண்டு. ஒன்று அவசரம், மற்றொன்று தனிமை. இவ்விரண்டையும் நீக்கிவிட்டால் அதன் வலிமை பெரும்பாலும் அற்றுப்போகும்.

மின்னஞ்சலில் இத்துணை எளிதாகப் பொய் புகுவது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். பெயரையும் இடத்தையும் பிரிக்க 'அட்' என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. மின்னஞ்சலைக் கொண்டு சேர்க்கும் பொது விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அக்காலத்தில் அவ்வலையமைப்பைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள்; ஒருவரையொருவர் நம்பியவர்கள். ஆதலின் அனுப்புநர் யார் என்று சோதிக்கும் ஏற்பாடு அவ்விதியில் வைக்கப்படவில்லை.

தபால் உறையின் மூலையில் 'அனுப்புநர்' என்று எழுதுகிறோம். அங்கே எவர் பெயரை எழுதினாலும் தபால்காரர் தடுப்பதில்லை. கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். மின்னஞ்சலின் நிலையும் அதுவே. பின்னாளில் சில சோதனை முறைகள் சேர்க்கப்பட்டன. போலிக் கடிதங்கள் பலவற்றை அவை தடுத்தும் வருகின்றன. எனினும் ஏமாற்றுபவன் தானே ஒரு முகவரியைப் பதிவு செய்துகொண்டு, அதிலிருந்து வங்கியின் பெயரைப் போட்டு எழுதினால், அச்சோதனைகளையும் அவன் தாண்டிவிடக்கூடும். ஆகவே மேலே காணும் பெயரைச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது.

இவ்வகை வஞ்சகம் கணினியோடு பிறந்ததும் அன்று. சிறையில் வாடும் செல்வர் ஒருவரை மீட்கப் பணம் உதவினால் பெருஞ்செல்வத்தில் பங்கு கிடைக்கும் என்று ஐரோப்பாவிலிருந்து கடிதம் எழுதி ஏமாற்றும் தொழில் 19ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. அதனை 'ஸ்பெயின் கைதி' மோசடி என்பர். 1980களில் நைஜீரியாவிலிருந்து தபாலிலும் தொலைநகலிலும் அதே கதை வேறு உருவில் வந்தது. அந்நாட்டுக் குற்றச் சட்டத்தின் 419ஆம் பிரிவின் எண்ணையே அம்மோசடிக்கு உலகம் பெயராக இட்டது. இன்று லாட்டரிப் பரிசு என்றும், ரிசர்வ் வங்கியில் உங்கள் பெயரில் பெருந்தொகை இருக்கிறது என்றும் வரும் மின்னஞ்சல்கள் அக்குலத்தின் பேரப்பிள்ளைகளே. ரிசர்வ் வங்கி தனிமனிதர் எவருக்கும் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பரிசுப் பணம் வழங்குவதுமில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடாது. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்தது என்று ஒருவன் சொன்னால், அவன் நோக்கம் நம் பணப்பை என்று அறிக.

இனி நம் ஊர்களுக்கு வரும் வகைகளைப் பார்ப்போம்.

முதல் வகை, அச்சுறுத்தி அழைப்பது. "உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும்; பான் எண்ணைப் புதுப்பியுங்கள்; கீழுள்ள இணைப்பைத் தொடுங்கள்" என்று எழுதியிருக்கும். தொட்டால் வங்கியின் தளம் போன்றே ஒரு பக்கம் திறக்கும். அங்கே நாம் எழுதும் கடவுச்சொல்லும், ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறை எண்ணும் நேரே திருடனின் கைக்குச் செல்லும். வருமான வரி திரும்ப வருகிறது என்னும் போலிக் கடிதமும் இவ்வகையே. எந்த வங்கியும் எந்த அரசுத் துறையும் மின்னஞ்சலில் கடவுச்சொல்லையோ ரகசிய எண்ணையோ கேட்பதில்லை. கேட்டால் அது வங்கியன்று, துறையன்று. காவல்துறை, மத்தியப் புலனாய்வுத் துறை ஆகியவற்றின் பெயரால் வரும் மிரட்டல் கடிதங்களும் உண்டு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை.

இரண்டாவது வகை, ஆசை காட்டி அழைப்பது. வேலை தருவதாக வருவதை முன்பே கண்டோம். நிலம் உடையவருக்கு வருவது மற்றொன்று. "உங்கள் நிலத்தில் கைப்பேசிக் கோபுரம் அமைக்கிறோம், பல இலட்சம் முன்பணம், மாதந்தோறும் வாடகை" என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் முத்திரையுடன் கடிதம் வரும். அதன்பின் பதிவுக் கட்டணம், வரி, காப்பீடு என்று ஒவ்வொன்றாகப் பணம் கேட்பர். கோபுரத்துக்கு நிலம் குத்தகைக்கு எடுப்பதில் தமக்குப் பங்கில்லை என்றும், அதற்காகத் தாம் கட்டணம் வாங்குவதில்லை என்றும் அவ்வாணையம் பலமுறை அறிவித்திருக்கிறது. இதை ஓர் உரைகல்லாகக் கொள்ளுங்கள்: நமக்குப் பணம் தர வருபவர் நம்மிடமே முதலில் பணம் கேட்பாரேயானால், அவர் தர வந்தவர் அல்லர்; கொள்ள வந்தவர். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். நமக்கு வரவேண்டிய பணத்தைப் பெற யு.பி.ஐ. ரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. பணம் அனுப்பவே அவ்வெண் தேவை.

மூன்றாவது வகை, கோப்பினை இணைத்து அனுப்புவது. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில், காதல் கடிதம் என்று பெயரிட்ட மின்னஞ்சல் ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்டது. எழுத்துக் கோப்புப் போலத் தோன்றிய அந்த இணைப்பு உண்மையில் ஒரு நிரல். திறந்தவருடைய கணினிக் கோப்புகளை அது அழித்தது. அவருடைய முகவரி ஏட்டில் இருந்த அனைவருக்கும் தன்னைத்தானே அனுப்பியது. ஆகவே தெரிந்தவர் பெயரில் வந்தது என்பதாலேயே திறந்துவிடலாகாது. வங்கதேச மத்திய வங்கியின் பணத்தில் 8 கோடியே 10 இலட்சம் டாலர் 2016 பிப்ரவரியில் களவு போயிற்று. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, வேலை கேட்டு எழுதிய விண்ணப்பங்கள் போல அவ்வங்கி ஊழியர்களுக்கு மின்னஞ்சல்கள் வந்திருந்தன என்று அமெரிக்க நீதித்துறை 2018இல் தாக்கல் செய்த ஆவணம் கூறுகிறது. ஒரு நாட்டின் கருவூலக் கதவைத் திறக்க ஒரு விண்ணப்பக் கடிதம் போதுமானதாயிற்று.

நான்காவது வகை நம் சங்கங்களுக்கும் குழுக்களுக்கும் உரியது. வழக்கமாக உரமோ பொறியோ வாங்கும் நிறுவனத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வரும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்முறை தொகையைப் புதிய கணக்கில் செலுத்துக" என்று அதில் இருக்கும். பட்டியலும் பழையது போலவே இருக்கும். செயலாளர் பணத்தைச் செலுத்துவார். பணம் வேறு ஒருவனுக்குப் போகும். படியாதவர்தாம் இப்படி ஏமாறுவர் என்று எண்ண வேண்டா. 2013 முதல் 2015 வரை, லிதுவேனியா நாட்டவர் ஒருவர் தைவான் நாட்டுக் கணினி நிறுவனம் ஒன்றின் பெயரால் போலிப் பட்டியல்கள் அனுப்பி, கூகுள், ஃபேஸ்புக் என்னும் இரு பெரு நிறுவனங்களிடமிருந்தே 10 கோடி டாலருக்கு மேல் பறித்தார். 2019இல் அவருக்கு அமெரிக்க நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. உலகுக்கே மின்னஞ்சல் வசதி அளிக்கும் நிறுவனம் மின்னஞ்சலால் ஏமாந்ததென்றால், நம் சங்கத்தின் எழுத்தர் ஏமாறுவதில் வியப்பென்ன? எனவே ஏமாறுவது அறிவின்மையன்று. எச்சரிக்கையில் ஒரு கணத் தளர்ச்சி. அவ்வளவே.

முன்பெல்லாம் எழுத்துப் பிழை மலிந்த கடிதம் போலி என்று சொல்வது வழக்கம். இனி அதனை நம்பியிருக்க இயலாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளின் துணையால் இன்று பிழையற்ற ஆங்கிலத்திலும் நல்ல தமிழிலும் மோசடிக் கடிதம் எழுத முடிகிறது. ஆதலின் நடையைப் பாராமல் முகவரியைப் பார்க்க வேண்டும்.

முகவரியைப் பார்ப்பது எப்படி? தபால் விலாசத்தில் கதவெண் முதலில் வரும். தெருவும் ஊரும் அடுத்து வரும். மாவட்டம் கடைசியில் வரும். கடிதம் எந்த மாவட்டத்துக்குப் போகும் என்பதைக் கடைசி வரியே முடிவு செய்கிறது. இணைய முகவரியும் அத்தகையதே. மின்னஞ்சலில் 'அட்' குறிக்குப் பின் உள்ள பகுதியையும், இணையதள முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன் உள்ள பகுதியையும் வலப்புறத்திலிருந்து படியுங்கள். வங்கியின் பெயர் முன்னே ஒட்டியிருந்து, கடைசியில் தெரியாத பெயர் ஒன்று இருந்தால், அத்தளம் அக்கடைசிப் பெயருக்கு உரியவனுடையது. நம் எழுத்தில் காலும் ரகரமும் அவசரப் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றுவது உண்டல்லவா? ஆங்கிலத்திலும் அவ்வாறே 'ஆர்', 'என்' என்னும் இரண்டு எழுத்துகள் நெருங்கி நின்றால் 'எம்' போலத் தோன்றும். 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் நிற்கும். எழுத்தெழுத்தாகப் பார்த்தலே இதற்கு மருந்து.

இவ்வகையில் நமக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. வங்கிகளுக்கென்றே 'பேங்க்.இன்' என்று முடியும் தனி முகவரியை ஏற்படுத்தப்போவதாக ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாளுக்குள் தம் இணையதளங்களை அம்முகவரிக்கு மாற்றுமாறு வங்கிகளைப் பணித்தது. அரசுத் தளங்கள் 'கவ்.இன்' என்றோ 'நிக்.இன்' என்றோ முடிவது முன்னரே உள்ள வழக்கம். ஆயினும் அம்முடிவு உண்மையிலேயே முடிவாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னும் ஒரு புள்ளியும் வேறு பெயரும் தொடருமானால், அது வேடமே.

இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ள இயலாதே என்று தாய்மார்கள் சிலர் எண்ணலாம். அவர்களுக்காக எல்லாவற்றையும் ஒரே விதியில் அடக்குகிறோம். கடிதம் காட்டும் வழியில் செல்லாதீர். உங்களுக்கு முன்பே தெரிந்த வழியில் செல்லுங்கள். வங்கியின் பெயரால் கடிதம் வந்தால், அதில் உள்ள இணைப்பையும் தொடாதீர். அதில் உள்ள தொலைபேசி எண்ணுக்கும் பேசாதீர். வங்கிப் புத்தகத்தில் அச்சிட்ட எண்ணுக்குப் பேசுங்கள்; அல்லது கிளைக்கே நேரில் போய்க் கேளுங்கள். வெளிநாட்டு வேலை என்றால், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் பெற்ற முகவர்தாமா என்று இந்திய அரசின் 'இ-மைக்ரேட்' தளத்திலோ, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலோ விசாரியுங்கள். சங்கத்துக்குக் கணக்கு மாற்றக் கடிதம் வந்தால், பழைய பதிவேட்டில் உள்ள எண்ணுக்குப் பேசி, குரலால் உறுதி பெற்ற பின்னரே பணம் செலுத்துங்கள். ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்த்த பின்பே தொகை போகும் என்று தீர்மானம் நிறைவேற்றிக்கொள்ளுங்கள். பதறாத காரியம் சிதறாது. ஒரு நாள் தாமதத்தால் உண்மையான வேலை எதுவும் ஓடிப்போகாது. உண்மையான வங்கி எதுவும் இரவோடு இரவாகப் பணத்தை விழுங்கிவிடாது.

மின்னஞ்சலுக்கு இரட்டைப் பூட்டு இடுவதும் அவசியம். கடவுச்சொல்லுடன் கைப்பேசியிலும் ஒரு சரிபார்ப்பு நிகழும் இருபடி முறையை இயக்கிக்கொள்ளுங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழி மின்னஞ்சலிலேயே இருத்தலின், அது வீட்டுச் சாவிக்கொத்துப் போன்றது.

இத்தனைக்குப் பின்னும் ஒருவர் ஏமாந்துவிட்டால் என் செய்வது? உடனே 1930 என்னும் எண்ணுக்குப் பேச வேண்டும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடான இவ்வுதவி எண்ணில் புகார் பதிவானதும், பணம் சென்ற வங்கிக்கும், அங்கிருந்து அடுத்துச் சென்ற வங்கிக்கும் செய்தி போகும். பணம் வெளியே எடுக்கப்படுமுன் செய்தி சேர்ந்தால், அதை அங்கேயே நிறுத்தி வைக்க இயலும். இங்கே நாட்கணக்கு உதவாது. நிமிடக் கணக்கே உதவும். அடுத்து நம் வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும், மாவட்ட இணையக் குற்றக் காவல் நிலையத்திலும் புகார் எழுதித் தரலாம். வந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர், அதுவே சான்று. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் விரைவுக்கே முதலிடம் தந்தது. வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்திருந்தாலும், அவர் வங்கிக்குத் தெரிவித்த பின் நேரும் இழப்பு வங்கியையே சாரும் என்று அது கூறியது.

கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும், 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பணம் போனவரிடம், "மீட்டுத் தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்" என்று அடுத்த மின்னஞ்சல் வருவதும் உண்டு. அது அதே திருட்டின் இரண்டாம் பாகம்.

இளைஞர்களுக்குத் தனியே ஒரு சொல். "உன் வங்கிக் கணக்கைச் சில நாள் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறேன்" என்று எவரேனும் கேட்டால் இணங்காதீர். ஏமாந்தவர்களின் பணம் அப்படி வாங்கிய கணக்குகளின் வழியேதான் ஓடுகிறது. காவல்துறை தேடி வரும்போது முதலில் அகப்படுபவர் கணக்குக்கு உரியவரே.

முடிவாக ஒன்று. நாம் முதலில் கூறிய இளைஞரைத் திருடனது கடிதம் ஏமாற்றியது ஒரு பங்கு. ஊரின் நகைப்புக்கு அஞ்சிய அச்சம் அவரை முடக்கியது மற்றொரு பங்கு. முதற்பங்குக்கு நாம் பொறுப்பல்லர். இரண்டாம் பங்குக்கு நாமே பொறுப்பு. வீட்டில் களவு போனால் ஊரே கூடி விளக்கேந்தித் தேடுகிறோம். களவு கொடுத்தவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மின்னஞ்சலில் களவு போனவரையும் அவ்வாறே நடத்துவோமாக. "ஐயம் தரும் கடிதம் வந்ததா? எங்களிடம் காட்டு, ஒருவரும் சிரிக்க மாட்டோம்" என்று உறுதி தரும் இருவர் ஒவ்வோர் ஊரிலும் வேண்டும். பள்ளி ஆசிரியராகவோ, மகளிர் குழுவின் கணக்காளராகவோ, இ-சேவை மையத்தில் பணியாற்றும் பெண்ணாகவோ அவர் இருக்கலாம். ஊராட்சி அலுவலகச் சுவரில் 1930 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். அதன் கீழே, கடிதம் காட்டும் வழியில் செல்லாதீர் என்று ஒரு வரி எழுதுங்கள்.

அந்த இளைஞர் இன்று தம் ஊரில் அத்தகைய இருவருள் ஒருவராக இருக்கிறார். இழந்த பணம் திரும்பவில்லை. ஆனால் அதன்பின் கைப்பேசிக் கோபுரக் கடிதம் பெற்ற முதியவர் ஒருவர், பணம் அனுப்புமுன் அவரிடம் வந்து காட்டினார். அம்முதியவரின் நிலப் பத்திரம் அடகுக்குப் போகாமல் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கிறது. உங்கள் ஊரிலும் அவ்வாறு வந்து காட்டுவோர் பெருகட்டும்.